கல்லைத் தாண்டிய கொடிகள்

பல்பீனாவின் திராட்சைக் கொடிகள் 1879-ஆம் வருஷம் செப்டம்பர் மாதம், அவள் புருஷன் பிரேசிலுக்குக் கிளம்பிப்போய் ஆறு மாதம் கழித்து, முதல் காலடி எடுத்து வைத்தன. மொத்தம் இருநூற்றுப் பன்னிரண்டு கொடி, ஒன்பது வரிசை. எல்லாம் ஒரே நேரத்தில், தூரோ ஆற்றைப் பார்த்து, சரியாக ஒரே ஒரு காலடி. கொடியைத் தாங்க நட்டிருந்த கல்தூண்கள் மட்டும் பழைய இடத்திலேயே நின்றன. ரிபாவெல்யா ஊரில் அந்த வருஷம் உப்பு மீன் விலை ஏறியிருந்தது, பாதிரியார் மூட்டுவலியில் படுத்திருந்தார், வேர்ப்பூச்சி வந்து மலை முழுக்கத் தோட்டங்கள் கருகிக் கிடந்தன. இத்தனைக்கும் நடுவில் ஒரு தோட்டம் ஒரு காலடி நகர்ந்ததை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அந்தப் பூச்சி கண்ணுக்கே சரியாகத் தெரியாது. மண்ணுக்குள் போய் வேரில் உட்கார்ந்து உறிஞ்சும்; ஒன்றிரண்டு வருஷத்தில் கொடி விறகாகிவிடும். சரிவைப் படி படியாக வெட்டி, கல் அடுக்கிக் கட்டிய தோட்டங்களைப் பாம்புக்கும் முள்ளுக்கும் விட்டுவிட்டு, ஜனங்கள் போர்ட்டோ துறைமுகத்துக்குப் போய்க் கப்பலேறிக்கொண்டிருந்தார்கள்.

பல்பீனாவின் புருஷன் பெல்மீரோவைக் கெட்டவன் என்று சொல்ல முடியாது. அவனுக்குப் பொறுமை கிடையாது, அவ்வளவுதான். மற்ற கொடியெல்லாம் செத்து, வீட்டை ஒட்டிய ஒன்பது வரிசை மட்டும் பச்சையாக நின்றது. அவன் கொள்ளுத்தாத்தா நட்ட கிழட்டுக் கொடிகள், மரம் போல முறுக்கேறியவை. அவற்றுக்கு ஒரு படி மேலே இருந்த கொடிகளும் காய்ந்ததைப் பார்த்த அன்றைக்கே அவன் மூட்டை கட்டிவிட்டான். கல்யாணமாகி மூன்று வருஷம், பிள்ளை இல்லை. "ரெண்டே வருஷம். பூச்சி ஒழியட்டும், கையில நாலு காசோட வந்துடுறேன்," என்றான். பல்பீனா அழவில்லை. கவாத்துக் கத்தியை இடுப்பில் செருகிக்கொண்டு தோட்டத்து நடுவில் நின்று, கொடிகளுக்கும் கேட்கிற குரலில் சொன்னாள்: "உங்களுக்குக் கால் இருக்கு, கிளம்பிட்டீங்க. இதுகளுக்கும் கால் இருந்தா இங்கயே நின்னு சாகுமா?" அவன் படகுத்துறை வரைக்கும் திரும்பிப் பார்க்கவில்லை. பிரேசிலில் சாந்தோஸ் நகரத்திலிருந்து ஐந்து வருஷம் கடிதம் வந்தது. முதல் கடிதம் நான்கு பக்கம், கடைசிக் கடிதம் நான்கு வரி. அப்புறம் அதுவும் நின்றுபோயிற்று.

வருஷத்துக்கு ஒரு காலடி. அதற்கு மேலும் இல்லை, கீழும் இல்லை. படியின் விளிம்புக்கு வந்தால் கற்களின் இடுக்கில் வேரைவிட்டு இறங்கி அடுத்த படியில் நின்றுகொண்டன. நாலைந்து வருஷத்துக்குப் பிறகு பல்பீனா கடைசி வரிசைக்குப் பின்னால் மண்ணைத் தோண்டிப் பார்த்தாள். கொடிகள் விட்டுவந்த பழைய வேர்த்துண்டுகளில் பூச்சி அப்பிக் கிடந்தது. அவை இப்போது நிற்கிற மண்ணில் ஒரு பூச்சி கிடையாது. அதாவது பூச்சி துரத்திக்கொண்டு வருகிறது, கொடிகள் ஒரு காலடி முன்னால் போய்க்கொண்டே இருக்கின்றன. மலையில் தப்பிப் பிழைத்த மற்றவர்கள் பூச்சிக்குச் சாகாத அமெரிக்க வேரில் ஒட்டுப்போட்டு இளங்கொடி வளர்த்தார்கள். சொந்த வேரில் நின்ற கிழட்டுக் கொடி பல்பீனாவுடையது மட்டும்தான். விளைச்சல் ஒரே ஒரு பெரிய பீப்பாய். அந்த போர்ட் ஒயினைக் குடித்தவர்கள் முதல் வாயில் ஒன்றும் பேச மாட்டார்கள். இரண்டாவது வாயில், வீட்டை விட்டுப் போன யாருடைய பேரையாவது சொல்வார்கள். படகோட்டி ஜெர்வாசியோ மட்டும் குடிக்காமலே வம்பு பேசுவான். "பல்பீனாக்கா, உன் கொடியெல்லாம் எங்க கிளம்பிடுச்சு? மச்சானைத் தேடி பிரேசிலுக்கா?" என்று துறையிலிருந்து கத்துவான். "கிளம்பினா உன் படகுலதான்டா ஏறணும். அதுகளுக்காவது காசு வாங்காம விடுவியா?" என்று இவள் மேலேயிருந்து கத்துவாள். சிரிப்பாள்தான். ஆனால் சாயங்காலம் சமையல் ஜன்னலைத் திறந்தால் முன்பெல்லாம் கைக்கு எட்டிய இலை இப்போது எட்டவில்லை. ஒவ்வொரு வருஷமும் அவை முதுகைக் காட்டிக்கொண்டு இறங்கிப் போவதைப் பார்க்க அவளுக்குப் பொறுக்கவில்லை.

எப்போது நடக்கின்றன என்பதைக் கண்டுபிடிக்க அவளுக்குப் பன்னிரண்டு வருஷம் ஆயிற்று. அறுவடை முடிந்து பழத்தைக் கருங்கல் தொட்டியில் கொட்டியதும், ஆட்கள் தொடை வரைக்கும் இறங்கி, எதிரெதிராக இரண்டு வரிசையாக நின்று, ஒருத்தர் தோள்மேல் ஒருத்தர் கைபோட்டு மிதிப்பார்கள். முதல் இரண்டு மணி நேரம் பாட்டு, கூத்து எதுவும் கிடையாது. மேஸ்திரி தொட்டியின் விளிம்பில் நின்று "இடது, வலது, இடது, வலது" என்று எண்ணுவான். எல்லாக் காலும் ஒன்றாக எழும்பி ஒன்றாக இறங்க வேண்டும். அந்த எண்ணிக்கை தோட்டத்துக்குக் கேட்டது. அதைக் கேட்டுத்தான் கொடிகளும் இரண்டு மணி நேரம் அசைந்து அசைந்து, கடைசியில் ஒரு காலடி போய் நின்றன. பல்பீனா இதைத் தன் கண்ணால் பார்த்தது 1890-ல். மறு வருஷம் மேஸ்திரியைக் கூப்பிட்டு, "இந்தத் தடவை எண்ண வேண்டாம். வாயை மூடிக்கிட்டு மிதிங்க," என்றாள். "எண்ணாம எப்படி அத்தை மிதிக்கிறது? ஒருத்தன் காலை ஒருத்தன் மிதிப்பான்," என்றான் அவன். "மிதிச்சா மிதிச்சுட்டுப் போறான்," என்றாள். அன்றைக்குத் தொட்டிக்குள் பன்னிரண்டு ஆம்பிளைகள் கோணல்மாணலாக, இடித்துக்கொண்டு, பேச்சில்லாமல் மிதித்தார்கள். கொடிகள் நகரவில்லை. பல்பீனா அன்று ஜன்னலை மூடாமல் படுத்தாள். யாரோ ஊருக்குப் போகாமல் தங்கிவிட்ட மாதிரி அவளுக்கு நிம்மதியாக இருந்தது. அடுத்த கோடைக்குள் கடைசி வரிசையில் இருபத்து மூன்று கொடியும் மஞ்சளாகி, சுருண்டு, செத்துப்போயின. பிடுங்கிப் பார்த்தால் வேர் முழுக்கப் பூச்சி.

அந்த இருபத்து மூன்று கொடியையும் அவள் யாரையும் தொடவிடவில்லை. தானே வெட்டி, தானே எரித்து, சாம்பலைத் தானே அள்ளினாள். நடந்தால் போய்விடும், நின்றால் செத்துவிடும் என்பது அவளுக்கு விளங்கிவிட்டது. புருஷன் விஷயத்திலும் இதுதான் நடந்திருக்குமோ என்று யோசித்தாள். யோசித்த பிறகும் அவன்மேல் கோபம் குறையவில்லை. அந்த வருஷத்திலிருந்து ரிபாவெல்யாவிலேயே பல்பீனா வீட்டுத் தொட்டியில்தான் எண்ணிக்கை சத்தம் அதிகம். மேஸ்திரிக்குத் தொண்டை கட்டினால் அவளே விளிம்பில் ஏறி நின்று எண்ணுவாள். பதினைந்து வருஷம் இப்படிப் போயிற்று. மீதி நூற்று எண்பத்தொன்பது கொடியும் படி படியாக இறங்கின. வீட்டிலிருந்து பார்த்தால் கீழே ஒரு பச்சைத் துண்டுதான் தெரியும்.

1907-ல் புதுச் சட்டம் வந்தது. அதாவது நூற்றைம்பது வருஷத்துப் பழைய சட்டத்துக்கு மறுபடி உயிர் வந்தது. எந்த மண்ணில் விளைந்ததை போர்ட் என்று சொல்லலாம் என்பதற்கு அந்தக் காலத்தில் எல்லைக்கல் நட்டிருந்தார்கள். பல்பீனாவின் சரிவில் அப்படி ஒரு கல், ஆற்றுக்கு நான்கு படி மேலே, பாசி பிடித்துக் கிடந்தது. ஆடு மேய்ப்பவர்கள் அதில் கத்தி தீட்டுவார்கள். அனக்லேத்தோ என்ற அதிகாரி, கண்ணாடியும் கறுப்புக் கோட்டுமாக வந்து, பாசியைச் சுரண்டி எழுத்தைப் படித்தார். "இந்தக் கல்லுக்கு மேல விளைஞ்சா போர்ட் ஒயின் அம்மா. கீழ விளைஞ்சா வெறும் ஒயின். கீழ வண்டல் மண்ணு, அதுல ஊத்துறதுக்குச் சாராயம் கொடுக்கச் சொல்லி நான் எழுத முடியாது," என்றார். முதல் வரிசை கல்லுக்கு இரண்டே காலடி தூரத்தில் நின்றது. "ஐயா, என் கொடி வருஷத்துக்கு ஒரு காலடி நடக்குது. அதுக்குச் சட்டத்துல என்ன போட்டிருக்கு?" என்று கேட்டாள். அனக்லேத்தோ பையிலிருந்து சட்டத்தை எடுத்து நிதானமாக முழுவதும் படித்துப் பார்த்தார். நல்ல மனுஷன். "நடக்குறதைப் பத்தி ஒண்ணுமே போடலை அம்மா. நடக்காதுன்னும் போடலை," என்றார். அதற்குமேல் அவரால் செய்யக்கூடியது எதுவுமில்லை.

போர்ட் ஒயின் இனிப்பாக இருப்பதற்குக் காரணம், சாறு பொங்கிக்கொண்டிருக்கும்போது பாதியில் திராட்சைச் சாராயத்தை ஊற்றிப் பொங்கலை நிறுத்துவதுதான். அந்தச் சாராயம் அதிகாரியின் கையெழுத்து இல்லாமல் கிடைக்காது. கொடிகள் முழுக்கக் கல்லுக்கு மேலே நின்று காய்ப்பது 1908-தான் கடைசித் தடவை என்பது பல்பீனாவுக்குத் தெரியும். அதுகளுக்கும் தெரிந்திருக்க வேண்டும். அந்த வருஷம் கொத்து சின்னது, பழம் சின்னது, ஆனால் சாறு மை போலக் கறுத்து, மிதித்தவர்களின் காலில் கிறிஸ்துமஸ் வரைக்கும் கறை போகவில்லை. மிதித்து முடித்த இரவு முதல் வரிசை கல்லைத் தாண்டி நின்றது. 1909-ல் அனக்லேத்தோ சங்கடப்பட்டுக்கொண்டே, முதல் வரிசைப் பழத்தை மட்டும் தனியாக வைத்தால் மீதிக்குக் கையெழுத்துப் போடுவதாகச் சொன்னார். "அதுங்க ஒண்ணா வந்துச்சுங்க ஐயா. நான் பிரிக்க மாட்டேன்," என்றாள் பல்பீனா. ஊரில் எல்லோரும் அவளைப் பைத்தியம் என்றார்கள். சாராயம் இல்லாமல் அந்தச் சாறு தன்போக்கில் பொங்கித் தீர்ந்து, இனிப்பு போய், நாக்கை வறட்டுகிற ஒயினாக நின்றது. அதை விற்கவும் முடியவில்லை, ஊற்றவும் மனசு வரவில்லை. அவளே ராத்திரி சாப்பாட்டோடு குடித்தாள்.

அந்த டிசம்பரில் வெள்ளம் வந்தது. கிறிஸ்துமஸுக்கு மூன்று நாள் முன்னால் ஆறு துறையை மூடி, ஜெர்வாசியோவின் வீட்டை மூடி, படி படியாக ஏறியது. கோயில் மணியை இரண்டிரண்டாக அடித்தார்கள். வெள்ளத்துக்கு மட்டும்தான் அப்படி அடிக்கிற வழக்கம், பல்பீனா அந்த ஊருக்கு மருமகளாக வந்தபிறகு ஒரு தடவைகூட அடித்ததில்லை. இரண்டு நாள் ஓயாமல் அடித்தார்கள். டாண் டாண், டாண் டாண். இடது வலது, இடது வலது. அவளுக்கு உறைத்தபோது நேரம் கடந்துவிட்டது. கயிற்றை எடுத்துக்கொண்டு இடுப்பளவு தண்ணீரில் இறங்கி, கைக்குக் கிடைத்த கொடியையெல்லாம் எல்லைக்கல்லோடு சேர்த்துக் கட்டிக்கொண்டிருந்தவளை ஜெர்வாசியோதான் பின்னாலிருந்து பிடித்து இழுத்தான். "விடுடா என்னை." "அக்கா, ஆறு உன்னையும் கொண்டுபோயிடும்." "கொண்டுபோகட்டும். எல்லாரும் போறாங்க, நான் மட்டும் எதுக்குடா இங்க?" என்று அவன் கையைக் கடித்தாள். அவன் விடவில்லை, அந்தத் தழும்பு சாகிறவரைக்கும் அவன் கையில் இருந்தது. தண்ணீர் வடிந்தபோது கல் நின்றது, கயிறு கிடந்தது, கொடி ஒன்றுகூட இல்லை.

வெள்ளம் அடித்துக்கொண்டு போய்விட்டது என்று ஊரே சொன்னது. பல்பீனா நம்பவில்லை. பிடுங்கிக்கொண்டு போயிருந்தால் குழி இருக்கும். குழி ஒன்றுகூட இல்லை. சேற்றில் ஏர் ஓட்டியதுபோல நூற்று எண்பத்தொன்பது கோடுகள் ஆற்றுக்குள் இறங்கிப் போயிருந்தன. மணி அடித்த வரைக்கும் நடந்திருக்கின்றன. மணி நின்றதும் நின்றிருக்கின்றன, ஆற்று நடுவில். அவற்றுக்குத் திரும்பி வரத் தெரியாது. முன்னால் போகத்தான் தெரியும். எண்ணுவதற்கு ஆள் இல்லாவிட்டால் அங்கேயே நின்று அழுகிப்போகும். அவள் வீட்டைப் பூட்டினாள், சாவியை மேஸ்திரி வீட்டில் கொடுத்தாள். ஒரு சட்டியும் போர்வையும் கவாத்துக் கத்தியும் எடுத்துக்கொண்டு ஜெர்வாசியோவின் படகில் ஏறினாள். முப்பது வருஷமாக இருந்த இடத்தை விட்டு அசையாதவள். "எங்கக்கா போகணும்?" என்றான் அவன். "அக்கரைக்கு," என்றாள். அக்கரைத் தோட்டக்காரர்கள் எப்போதோ பிரேசிலுக்குப் போய்விட்டார்கள். கூரை பாதி போன மிதிதொட்டிக் கொட்டகை ஒன்று இருந்தது, அதில் தங்கினாள். அந்தப் பக்கம் மலைப்பாறை ஆறு வரைக்கும் இறங்கியிருப்பதால் எல்லைக்கல் தண்ணீர் ஓரத்திலேயே இருந்தது.

அடுத்த நாள் முதல் பல்பீனா ஆற்றில் இறங்கி, தொடையளவு தண்ணீரில் நின்று, மிதிக்க ஆரம்பித்தாள். "இடது, வலது, இடது, வலது." தினமும் சாயங்காலம் இரண்டு மணி நேரம். தோள்போட ஆள் இல்லாததால் கையை மார்போடு கட்டிக்கொள்வாள். தண்ணீருக்குள் சத்தம் சரியாகப் போகாது, பத்துத் தடவை எண்ணினால் ஒரு தடவை கேட்டாலே பெரிது என்று அவளுக்குத் தெரியும். கேட்கிறதா என்பது மட்டும் தெரியாது. ஜனவரியில் கால் மரத்துப்போகும், கோடையில் அட்டை கடிக்கும். கூலிக்கு ஆலிவ் பொறுக்கி, துணி வெளுத்து, சோள ரொட்டி தின்று பிழைத்தாள். எதிர்க்கரையில் பிள்ளைகள் உட்கார்ந்து அவள் எண்ணுவதைப் பார்த்துச் சிரித்தார்கள். ஒரு வருஷத்தில் அவர்களுக்கும் சலித்துப்போயிற்று. சில நாள் நடுவில் அழுகை வந்துவிடும். அழுதுகொண்டே எண்ணுவாள், எண்ணிக்கை தப்பாது.

1910 வசந்தத்தில், பீப்பாயில் இருந்த 1908-ஆம் வருஷத்து ஒயினை, போர்ட்டோவுக்கு எதிர்க்கரையில் ஒயின் கிடங்குகள் இருக்கிற கையா என்ற ஊரில் ருசி பார்த்தார்கள். ருசி பார்ப்பவர் முதல் வாயில் பேசவில்லை. இரண்டாவது வாயில், சின்ன வயசில் வீட்டை விட்டு ஓடிப்போன தன் தங்கையின் பேரைச் சொன்னார். அப்படியொரு போர்ட் ஐம்பது வருஷத்தில் வந்ததில்லை என்று எழுதி, எவ்வளவு பீப்பாய் இருந்தாலும் எடுத்துக்கொள்வதாக ஆள் அனுப்பினார்கள். வந்த ஆள் ஆற்றில் நின்று எண்ணிக்கொண்டிருந்தவளிடம் கரையிலிருந்தே செய்தியைச் சொன்னான். "இன்னும் இருக்குதா அம்மா?" என்றான். "வந்துகிட்டிருக்கு," என்று சொல்லிவிட்டு அவள் விட்ட இடத்திலிருந்து எண்ணினாள். அந்த ஒரு பீப்பாய் எழுநூற்றுச் சொச்சம் பாட்டிலாயிற்று. எந்தப் பக்கம் மேலே இருக்க வேண்டும் என்பதற்கு வெள்ளைச் சுண்ணாம்புக் குறி வைத்துக் கிடத்தினார்கள். ஒவ்வொரு செப்டம்பரிலும் அவை வாசலைப் பார்த்து ஒரு விரற்கடை நகர்ந்திருக்கும். கிடங்கு ஆட்கள் ஜனவரியில் பழைய இடத்துக்குத் தள்ளிவைப்பார்கள், இன்றைக்கும் தள்ளிவைக்கிறார்கள். அதற்கென்று தனிக் கூலி கிடையாது.

நான்காவது வருஷம், 1913 அக்டோபரில், ஜெர்வாசியோ நடு ஆற்றைத் தாண்டி வருகையில் துடுப்பு எதிலோ சிக்கியது. இழுத்துப் பார்த்தால் துடுப்பில் மூன்று சுற்றுச் சுற்றி ஒரு பச்சைச் சுருள். திராட்சைக் கொடியின் பற்றுச்சுருள்தான்; அவன் அதை அறுக்காமல் பொறுமையாகச் சுற்று சுற்றாக அவிழ்த்து விட்டான். படகை அக்கரையில் கட்டிவிட்டு, கால்சட்டையைச் சுருட்டித் தண்ணீரில் இறங்கி, பல்பீனாவின் பக்கத்தில் போய் நின்று அவள் தோள்மேல் கைபோட்டான். அவள் எண்ணிக்கையை நிறுத்தவில்லை. கொஞ்ச நேரம் கழித்து அவள் கையும் அவன் தோளுக்குப் போயிற்று. "முப்பத்து நாலு வருஷம் கிண்டல் பண்ணிட்டு இப்ப எதுக்குடா வந்த?" என்று இரண்டு எண்ணிக்கைக்கு நடுவில் கேட்டாள். "உன் காலு கோணலாப் போகுதுக்கா. பாக்க சகிக்கலை," என்றான். மறுநாள் மேஸ்திரி வந்தான். அந்த வாரத்துக்குள் பதினொரு பேர் ஆனார்கள்.

1914 ஏப்ரல் ஆறாம் தேதி காலை, எல்லைக்கல்லை ஒட்டித் தண்ணீருக்கு மேலே மூன்று இலை தெரிந்தது. ஐந்து வாரத்தில் எட்டு வரிசையும் கரையேறி, சேறும் சிப்பியும் ஒட்டிக்கொண்டிருக்க, கல்லுக்கு மேலே உள்ள முதல் இரண்டு படிகளில் நின்றன. தண்டுக்குள் மீன் முட்டை இருந்தது. பல்பீனா ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ணினாள். நூற்று எண்பத்தொன்பது. ஒன்றுகூடக் குறையவில்லை. எண்ணி முடித்துவிட்டு மண்ணில் உட்கார்ந்து, பெல்மீரோ கிளம்பிய அன்று அழாத அழுகையையும் சேர்த்து அழுதாள். "கிளம்பினவங்கள்ல வந்து சேந்தது நீங்க மட்டுந்தான்," என்றாள். அனக்லேத்தோ தகவல் கேட்டு வந்தார், இப்போது கொஞ்சம் கூன் விழுந்திருந்தது. கொடிகளையும் கல்லையும் பார்த்தார், குனிந்து மண்ணைக் கிளறிப் பார்த்தார். முப்பது வருஷம் கொடியில்லாமல் கிடந்த மண்ணில் பூச்சி பட்டினியால் எப்போதோ செத்திருந்தது. "இந்தக் கொடி எங்கருந்து வந்துச்சுன்னு எழுதறதும்மா?" என்றார். "அக்கரையிலருந்துன்னு எழுதுங்க ஐயா." அவர் அப்படியே எழுதி, சாராயத்துக்குக் கையெழுத்தும் போட்டார்.

செப்டம்பரில் பழைய தொட்டியைக் கழுவி, கூரைக்கு ஓடு போட்டு, மிதித்தார்கள். பல்பீனா விளிம்பில் நின்று இரண்டு மணி நேரம் உரக்க எண்ணினாள். முடிந்ததும் விளக்கை எடுத்துக்கொண்டு தோட்டத்துக்கு இறங்கி, மத்தியானமே முதல் வரிசைக்கு முன்னால் குத்தி வைத்திருந்த குச்சியைப் பார்த்தாள். குச்சிக்கும் கொடிக்கும் நடுவில் நான்கு விரல் இடைவெளி விட்டிருந்தாள். நான்கு விரல் அப்படியே இருந்தது. கையை வைத்து மறுபடி அளந்தாள். பிறகு கொட்டகைக்குத் திரும்பிப்போய், "போதும்டா, பாட்டு ஆரம்பிங்க," என்று சொல்லிவிட்டு, ஜன்னலைத் திறந்து வைத்துப் படுத்துக்கொண்டாள்.